ஒரு முறை தேறினால் போதும்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கே எல்லாம் பச்சை. ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு டெஸ்டும் தேறிவிட்டன. காபி ஆறுவதற்குள் முடிந்தது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

மாடி வீட்டு அம்மாள் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். "பெரியவளுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை. "கம்ப்யூட்டர்ல சிக்னல் பார்க்கிற வேலை. சிவப்பு விழுந்தா கத்துவா, பச்சை விழுந்தா சாப்பிட வருவா."

பதினெட்டு வருஷமாக நான் விளக்கியதைவிட இது சரியாகத்தான் இருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்கள் எங்கள் மொழியில் புரோகிராம் எழுதுகிறார்கள். எழுதிய துண்டுகளைச் சேர்த்து, ஓடக்கூடிய ஒன்றாகக் கட்டிக் கொடுப்பது என் பில்ட் கருவி. கருவி ஒழுங்காகக் கட்டுகிறதா என்று பார்ப்பது என் டெஸ்டுகள். மொழியை உருவாக்கியவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கும். எனக்கு, ஏதாவது உடைந்தால் மட்டும் கடிதம் வரும்.

'அவசரம்' மூன்று செய்தி அனுப்பியிருக்கிறார். எங்கள் குழுத் தலைவர். எதை எழுதினாலும் 'அவசரம்' என்று தொடங்குவார், பெயரே அப்படி நின்றுவிட்டது. மாதக் கடைசியில் புதிய பதிப்பு வெளிவர வேண்டும், பில்ட் பக்கம் இழுத்தடிக்கக் கூடாது என்கிறார்.

இழுத்தடிக்க என்ன இருக்கிறது? எல்லாம் பச்சை.

மார்ச் 5, புதன்

தங்கைக்கு இரட்டை ஷிஃப்ட். வார்டில் நர்ஸ் பற்றாக்குறையாம். அம்மாவுக்குக் கண் மருந்து நான் போட்டேன். இரண்டு சொட்டு கன்னத்தில்.

மார்ச் 7, வெள்ளி

ஒரு கடிதம். நான்கு நாளாகத் திறக்காமல் கிடந்திருக்கிறது.

எழுதியவள் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தவள். இருந்தவள் — ஏழு மாதத்துக்கு முன் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரே நாளில் எட்டு மாதிரிகளின் லேபிள்கள் ஒரு வரிசை தள்ளி அச்சாகியிருக்கின்றன. ஒருவர் பெயர் அடுத்தவர் குப்பியில். எட்டில் ஏழு பேருக்குக் கிருமியே இல்லை, அவர்களில் ஆறு பேருக்கு மாறியும் ஒன்றும் ஆகவில்லை. மற்ற இருவரில் கிருமி இருந்தவருக்கு மருந்து தாமதமாகப் போய், பிழைத்துக்கொண்டார். இன்னொருவர் பஸ் ஓட்டுநர். தேவையே இல்லாத கடுமையான ஊசியைப் பதினொரு நாள் போட்டார்கள். இடது காது போய்விட்டது. அதோடு பஸ் ஓட்டும் வேலையும்.

விசாரணையில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று முடித்திருக்கிறார்கள். லேபிள் மென்பொருள் விற்ற நிறுவனம் தங்கள் பக்கம் தவறே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

இவள் விடவில்லை. அந்த மென்பொருள் எங்கள் மொழியில் எழுதியது என்று கண்டுபிடித்து, நூலகத்தில் உட்கார்ந்து நாலரை மாதம் எங்கள் கருவியின் உள்ளே இருப்பதைப் படித்திருக்கிறாள். எல்லாம் பொதுவில்தானே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 'நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாள்.

கடைசியில் 4117-ஆம் டெஸ்டின் மேல் உள்ள குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாள்:

'எப்போதாவது தோற்கிறது. காரணம் தெரியவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று முறை ஓட்டு, ஒரு முறை தேறினால் போதும்.'

அதன் கீழே என் பெயர். தேதி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன் 12.

'மேடம், அன்றைக்கு அது எதற்காகத் தோற்றது என்று இப்போதாவது தெரியுமா?'

தெரியாது.

மார்ச் 8, சனி

பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த ஜூன் 12-இல் இவ்வளவுதான் இருக்கிறது: 'தண்ணி மோட்டார் மறுபடியும் ரிப்பேர். பிளம்பர் வருகிறேன் என்றான், வரவில்லை.'

டெஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதிவைக்கும் அளவுக்குக்கூட அது எனக்குப் படவில்லை.

தங்கையிடம் சொன்னேன். அவள் யூனிஃபார்ம் மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அக்கா, எங்க வார்டுல ஒருத்திக்கு பிரஷர் மூணு தடவை பார்த்து, ரெண்டு தடவை ஏறியிருந்து ஒரு தடவை சரியா இருந்தா, அந்த ஒண்ணை எழுதிட்டுப் போயிடலாமா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

எப்படி வேறு என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே விட்டு, யூனிஃபார்மின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

அவசரத்திடம் சொல்லியாக வேண்டும் என்று கூப்பிட்டேன். ஐந்து நிமிஷத்தில், எங்கள் மொழியை நடத்தும் அறக்கட்டளையின் வக்கீலையும் அழைப்பில் சேர்த்துவிட்டார். வக்கீல் மரியாதையான மனிதர், குரலையே உயர்த்தவில்லை. "நீங்க பதில் எழுத வேண்டாம். வருத்தம்னுகூட எழுத வேண்டாம். அது ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"உண்மையா இருந்தா?"

"உண்மையான்னு உங்களுக்கே தெரியாதே மேடம்."

அதுவும் சரிதான்.

மார்ச் 12, புதன்

மூன்று முறை ஓட்டும் விதியை எடுத்துவிட்டு, 4117-ஐ மட்டும் நாலாயிரம் முறை ஓட விட்டேன். பதின்மூன்று முறை தோற்றது. கிட்டத்தட்ட முந்நூற்றுக்கு ஒன்று.

முந்நூற்றுக்கு ஒன்று என்பது தொடர்ந்து மூன்று முறை தோற்க வேண்டுமானால் கோடிக்கணக்கில் ஓட்ட வேண்டும். அதாவது நான் அதன் வாயைப் பொத்தவில்லை. பேசவே முடியாதபடி தைத்துவிட்டேன்.

அந்த டெஸ்ட் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? 'ஒரு துண்டு மாறியிருந்தால், கட்டும்போது பழைய துண்டு உள்ளே போகக் கூடாது.' அவ்வளவுதான். பெரிதாக ஒன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றும் பிடிபடவில்லை. சாதம் வேகும் வரை அடுப்படியில் நின்று யோசித்தேன், அடிப்பிடித்துவிட்டது. அம்மா அதையே மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

கிடைத்துவிட்டது.

எழுதவே கை கூசுகிறது. என் கருவி ஒரு துண்டு மாறியிருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. துண்டைத் திருத்திய நேரம், கடைசியாகக் கட்டிய நேரத்துக்குப் பிந்தியிருந்தால் மாறியிருக்கிறது, இல்லையென்றால் மாறவில்லை. ஆனால் அந்த நேரத்தை முழு விநாடியாக்கிப் பார்க்கிறது. ஒரே விநாடிக்குள் கட்டியும் திருத்தியும் முடிந்துவிட்டால், 'மாறவில்லை' என்று பழைய துண்டையே எடுத்து வைத்துவிடும். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே கடிகாரம் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும் அதேதான். பாதி புதுசு, பாதி பழசு. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடும். நன்றாகவே ஓடும். அடுத்த தடவை முதலிலிருந்து கட்டினால் தானாகச் சரியாகியும் விடும்.

லேபிள் அச்சடிக்கும்போது புதுத் துண்டு எட்டாவது வரிசையில் பெயரைத் தேடும், பழைய துண்டு ஏழாவதில் வைத்திருக்கும். ஒரு வரிசை தள்ளி.

பாவி, இதை அன்னைக்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தா என்னடி? ஒரே ஒரு மணி நேரம். மோட்டார்காரனுக்கு போன் பண்ண நேரம் இருந்துச்சுல்ல?

மார்ச் 18, செவ்வாய்

திருத்தம் மொத்தம் பதினொரு வரி. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. 4117-ஐ ஒரு லட்சம் முறை ஓட்டினேன். ஒன்றுகூடத் தோற்கவில்லை.

ஒரு துளி சந்தோஷம் இல்லை.

மார்ச் 19, புதன்

அந்த லேபிள் நிறுவனத்துக்கு நானே எழுதினேன். அன்று கட்டிய மென்பொருளின் பிரதி இருந்தால் அரைநாளில் பார்த்துச் சொல்லிவிடுவேன். பதில் வந்தது. பழைய கட்டுகளைத் தொண்ணூறு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லையாம். கட்டிய கம்ப்யூட்டரையும் மாற்றிவிட்டார்களாம். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'

ஆர்வம்!

ஆக, நடந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். நடந்தது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

வக்கீல் வேண்டாம் என்றதைச் செய்தேன். மத்தியான இடைவேளையில் அவளுக்கு போன் பண்ணினேன்.

இவ்வளவு சின்னக் குரலாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இப்போது ஒரு மருந்துக்கடையில் பெட்டி அடுக்குகிறாளாம். பின்னால் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, கடிகாரம், விநாடி. நடுவில் அவளே ஒரு கேள்வி கேட்டாள், எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தோன்றாத கேள்வி: "அப்போ ரெண்டு கம்ப்யூட்டர்ல நேரம் வேற வேறயா இருந்தா, ஒரு விநாடி இல்ல, எவ்வளவு வேணா தப்பலாம்ல மேடம்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் கவனிக்காம விடல."

"நீங்க விட்டிருக்க மாட்டீங்கன்னுதான் நினைக்கிறேன். ஆனா நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

டேப் சத்தம் நின்றிருந்தது. "எனக்கே சந்தேகம் வந்துருச்சு மேடம். ஒருவேளை நான்தான் மாத்தி ஒட்டிட்டேனோன்னு. கனவுல ஒட்டிக்கிட்டே இருப்பேன்."

பிறகு, ஏதாவது கையில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன் என்றாள். நான் தலையை ஆட்டினேன். போனில் தலையை ஆட்டி என்ன பயன்.

மார்ச் 24, திங்கள்

ஒரு படம் அனுப்பியிருக்கிறாள்.

அன்று அச்சு மங்கலாக வருகிறது என்று ஸ்டோர்ஸுக்குப் புகார் செய்ய, ஒரு லேபிளை செல்போனில் படம் எடுத்திருக்கிறாள். படத்தில் நோயாளியின் பெயரை மறைத்துவிட்டாள், பாவம், இத்தனைக்குப் பிறகும் அந்த ஒழுங்கு. விசாரணையில் இதைக் காட்டினாளாம். அச்சு மங்கல்தான், அதனால் என்ன என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

லேபிளின் அடியில் சின்ன எழுத்தில் மென்பொருளின் பதிப்பு எண், 7.3. அதற்கு மேலே பார்கோடும் அதன் எண்ணும். எண்ணிப் பார்த்தேன். பதினொரு இலக்கம். அந்த நிறுவனத்தின் கையேட்டைத் தேடி எடுத்தேன். 7.3-இலிருந்து பன்னிரண்டு இலக்கம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பதினொன்று என்பது 7.2.

ஒரே லேபிளில் புதுசும் பழசும். பாதிப் பாதி.

தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் விரலை வைத்து எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். பிறகு என் தோளில் கை வைத்தாள். இந்த இரண்டு வாரத்தில் இப்போதுதான்.

மார்ச் 26, புதன்

பொது அறிவிப்பின் வாசகம் வக்கீலிடமிருந்து வந்தது. 'மிக அரிதான சூழல்களில் பழைய துண்டுகள் பயன்படுத்தப்படக்கூடும் என்பது கவனிக்கப்பட்டு, சரிசெய்யப்பட்டுள்ளது.' எல்லாமே பட்டு, பட்டு, பட்டு. செய்தவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை எதற்கு என்று கேட்டு வாத்தியாரிடம் அடி வாங்கினேன். இதற்குத்தான் போலிருக்கிறது.

டெஸ்ட் இரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்ததும், அதை நான் அடக்கி வைத்ததும் அதில் வர வேண்டும் என்றேன். அவசரம் நிஜமாகவே கெஞ்சினார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பில்ட் பக்கத்துக்கு இருக்கிறதே நீங்க ஒருத்தர். உங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டா நாளைக்கு இதை யார் பார்ப்பா?"

"ஒருத்தர் பார்த்ததாலதான் சார் இப்படி ஆச்சு."

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். "உங்க பேர்ல நீங்க தனியா எழுதுங்க. நான் தடுக்கல. ஆனா நான் சரின்னு சொன்னதாவும் இருக்க வேண்டாம்."

தனியாக எழுதிப் பொதுவில் போட்டேன். ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்'.

ஏப்ரல் 2, புதன்

அந்த ஒன்றரைப் பக்கத்தை ஆஸ்பத்திரிக்கும் கடிதமாக அனுப்பி ஒரு வாரம். படம், கையேட்டின் பக்கம், 4117-இன் முழுக் கணக்கு, எல்லாம் இணைத்திருந்தேன். இன்று பதில்.

'குறிப்பிட்ட விசாரணை முடிவடைந்துவிட்டது. மீண்டும் திறக்க விதிகளில் இடமில்லை.'

அடியில் கையெழுத்துகூட இல்லை, ரப்பர் முத்திரை.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. அவளே கூப்பிட்டு என்னைச் சமாதானப்படுத்தினாள். இது எந்த ஊர் நியாயம்?

ஏப்ரல் 4, வெள்ளி

புதிய பதிப்பு வெளிவந்தது. நாலு நாள் தாமதம். எல்லாம் பச்சை. இனி அந்த வார்த்தையை எழுதாமல் இருக்க முயல வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

என் அறிவிப்பைப் படித்துவிட்டு இதுவரை நாற்பத்தேழு பேர் எழுதியிருக்கிறார்கள். திட்டியவர்கள் ஐந்தாறு பேர்தான். அவர்களுக்குப் பதில் எழுதுவது சுலபம். மற்றவர்கள் கேட்கிறார்கள்: 'போன வருஷம் எங்கள் தண்ணீர்க் கட்டுப்பாட்டு மென்பொருளில் காரணம் தெரியாத ஒரு பிழை. அதுவும் இதனாலா?' 'எங்கள் தேர்வு மதிப்பெண் பட்டியலில் ஒரு குழப்பம் வந்தது. இதனாலா?'

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பிரதி இல்லை. கட்டிய கம்ப்யூட்டர் இல்லை. ஒவ்வொருவருக்கும் 'தெரியவில்லை' என்று எழுதுகிறேன். ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டக் கூடாது என்று ஒவ்வொன்றையும் தனியாகத் தட்டுகிறேன். அதனால் யாருக்கு என்ன லாபம்? எனக்குத்தான் விரல் வலி.

ஏப்ரல் 9, புதன்

தெரியவில்லை. தெரியவில்லை. தெரியவில்லை. இன்று பத்து.

ஏப்ரல் 16, புதன்

அவள் கூப்பிட்டாள். மேடம் என்பது அக்கா ஆகியிருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கவனிக்கவில்லை.

என் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த ஓட்டுநர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எதற்கு என்று பதறிவிட்டேன். "லேப்ல நம்பலன்னா போகட்டும் அக்கா. அவர் நம்பணும். விசாரணை அன்னைக்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதோட நான் எத்தனை நாள் இருக்கறது?"

அவருடைய மனைவி வாசலிலேயே நிறுத்தியிருக்கிறாள். அவர்தான் உள்ளே வரச் சொன்னாராம். இப்போது டிப்போவில் டிக்கெட் இயந்திரங்களைச் சார்ஜ் போட்டு அடுக்கும் வேலை. ஒன்றரைப் பக்கத்தையும் மெதுவாகப் படித்தாராம். இவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாளாம்.

படித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "உன் மேல கோபப்பட்டுக்கிட்டு இருந்தேன்மா. அதுவாவது ஒரு பிடிமானமா இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

பிறகு, இதை எழுதியவரின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாராம்.

"கொடுத்துட்டேன் அக்கா. கொடுத்திருக்கக் கூடாதா?"

கொடுத்தது சரிதான் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. போனை வைத்ததும் சார்ஜில் போட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

குளிக்கப் போனால்கூட போனை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறேன். அம்மா கேட்டாள், "யாருடி, மாப்பிள்ளையா?" நாற்பத்து மூன்று வயதில். சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மா துண்டை எடுத்து நீட்டினாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அவசரம் இன்னொரு ஆளைப் பில்ட் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார். கேட்டுக் கேட்டு ஆறு வருஷம் ஆன விஷயம். இதற்கு ஒரு காது வேண்டியிருந்தது.

நான் ஓட்டுநரே கூப்பிடட்டும் என்று இருக்கிறேனா, இல்லை கூப்பிடாமலே போகட்டும் என்று இருக்கிறேனா?

மே 6, செவ்வாய்

இன்று பேசினார்.

காலை பதினொன்றுக்கு, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது. தெரியாத எண். பையைக் கீழே வைத்துவிட்டு, பூட்டிய ஒரு கடையின் படியில் உட்கார்ந்தேன்.

தான் யார் என்று சொன்னார். நான் "சொல்லுங்க" என்றேன். அவர் நிற்காமல் பேசிக்கொண்டே போனார், எழுதி வைத்ததைப் படிக்கிறவர் மாதிரி. இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஒரு நாய்மீதுகூட ஏற்றியதில்லை. கடிதத்தை நாலு தடவை படித்தாராம், கடிகார விஷயம் பாதிதான் புரிந்ததாம். மகளை விட்டும் படிக்கச் சொன்னாராம். நான் நடுவில் இரண்டு தடவை "ஆமாங்க" என்றேன், அதற்கும் நிற்கவில்லை.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். நீங்க அன்னைக்கு அதை ஒழுங்காப் பார்த்திருந்தா எனக்கு இது நடந்திருக்காது. அப்படித்தானே?"

வக்கீல் சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. தெரியவில்லை என்று அத்தனை பேருக்கு எழுதியதும் வந்தது.

"நடந்திருக்காதுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் ஏதோ உரசும் சத்தம்.

"இருங்க, இருங்க. கேக்காத காதுல வெச்சுப் பேசிட்டிருக்கேன். இன்னும் பழகல." குரல் இப்போது கிட்டத்தில் கேட்டது. "மாத்திட்டேன். இப்பச் சொல்லுங்க."

மறுபடியும் சொன்னேன்.